தாங்கல் கரைசலுக்கு வலிமை குறைந்த அமிலத்தைத் தேர்ந்தெடுத்தல்

சிறிதளவு அமிலமோ காரமோ சேர்ந்தாலும் தன் பிஎச் மதிப்பைப் பெரிதும் மாறவிடாத கரைசலைத் தாங்கல் கரைசல் என்கிறோம். வலிமை குறைந்த ஓர் அமிலமும் அதன் இணைக் காரமும் ஒருங்கே கரைந்திருப்பதே இதன் பொதுவான அமைப்பு. அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் ஓர் இணை. அம்மோனியம் குளோரைடும் அம்மோனியாவும் மற்றோர் இணை. புரோட்டானைக் கொடுப்பது அம்மோனியம் அயனி என்பதால் அதையும் இக்கட்டுரை வலிமை குறைந்த அமிலமாகவே கொள்கிறது. எந்த அமிலத்தை எடுப்பது என்ற கேள்விக்குப் பாடநூல்கள் ஒரே வரியில் விடை சொல்லிவிடுகின்றன: வேண்டிய பிஎச்சுக்கு மிக அருகில் பிகேஏ மதிப்பு (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) உள்ள அமிலத்தை எடுக்க வேண்டும், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1-ஐத் தாண்டக் கூடாது. விதி சரியானதுதான். ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்விக்கான விடை. கரைசலில் வேறு என்னென்ன இருக்கின்றன, அவற்றோடு சேர்ந்தால் இந்த அமிலத்தின் இணைக் காரம் என்ன செய்யும் என்பது முதற்கேள்வி. அதற்கு விடை தெரியாமல் பிகேஏ அட்டவணையைப் புரட்டுவது பயன் தராது. ஆழ்துளைக் கிணற்று நீரிலும் குருதியிலும் கண்ணுக்குள்ளும் உள்ள கால்சியம் இந்த முதற்கேள்வியை எழுப்பும் பொருள்களில் தலையாயது. கடின நீர் மிகுந்த மதுரைப் பகுதியில் அதற்கான சான்றுகள் வெளிப்படையாகவே கிடைக்கின்றன.

விதியின் கணக்கை முதலில் பார்த்துவிட வேண்டும், அதன் வலிமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கரைசலின் பிஎச் என்பது அமிலத்தின் பிகேஏவுடன், காரத்தின் செறிவை அமிலத்தின் செறிவால் வகுத்துவரும் ஈவின் மடக்கையைக் கூட்டினால் கிடைப்பது. இரண்டும் சம அளவில் இருந்தால் மடக்கை சுழியாகி, பிஎச்சும் பிகேஏவும் ஒன்றாகின்றன. சேர்க்கப்படும் அமிலத்தைத் தாங்கும் திறன் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஒரு லிட்டரில் 1 மோல் தாங்கல் பொருள் இருந்தால் அந்த உச்சத் திறன் 0.576. பிஎச் 1 அலகு விலகினால் திறன் உச்சத்தில் ஏறத்தாழ 33 விழுக்காடாகக் குறைகிறது. 2 அலகு விலகினால் 4 விழுக்காடுதான் மிஞ்சும். ஆகவே அசிட்டிக் அமிலம் (பிகேஏ 4.76) 3.8 முதல் 5.8 வரைக்கும், பாஸ்பாரிக் அமிலத்தின் இரண்டாம் பிரிகை (7.20) 6.2 முதல் 8.2 வரைக்கும், போரிக் அமிலமும் அம்மோனியமும் (9.24, 9.25) 8.2 முதல் 10.2 வரைக்கும் பொருந்தும் என்று அட்டவணைகள் சொல்கின்றன. இந்தக் கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: திறன், செறிவோடு நேர்விகிதத்தில் ஏறும். பிகேஏ விலகியதால் இழந்ததைச் செறிவைக் கூட்டி மீட்டுக்கொள்ளலாம். வீழ்படிவாகிப் போன அமிலத்தை அப்படி மீட்க வழி கிடையாது.

இந்த விதி பிறந்த கதை, அதன் எல்லையையும் சேர்த்தே காட்டுவதால் சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. 1887-ல் அர்ரீனியஸ் மின்பகுளிகளின் பிரிகைக் கொள்கையை முழு வடிவில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஆஸ்ட்வால்டு தம் நீர்த்தல் விதியின் வழியாக அமிலங்களின் வலிமைக்கு எண் கொடுத்தார். அதுவரை நாவாலும் லிட்மஸ் தாளாலும் அறியப்பட்ட வலிமை, மின்கடத்துத்திறனை அளந்தால் கிடைக்கும் மாறிலியாயிற்று. 1900-ல் பாரிசில் ஃபெர்ன்பாக், ஹூபர்ட் இருவரும் முளைகட்டிய தானியச் சாற்றின் நொதிகளை ஆராய்ந்தபோது, அதிலுள்ள பாஸ்பேட்டுகள் அமிலக் காரத் தாக்குதலிலிருந்து நொதியைக் காப்பதைக் கண்டார்கள். ஒரு வேதிப்பொருளை வேண்டுமென்றே காப்புக்காகச் சேர்க்கும் எண்ணத்துக்கு இது தொடக்கங்களில் ஒன்று. தொழிற்சாலை மதுவடிப்பின் தேவையிலிருந்தே இந்தத் துறை கிளைத்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். ஒன்பது ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த அடுத்த பெரிய நகர்வும் ஒரு மதுவடிப்பு நிறுவனத்தின் ஆய்வகத்தில்தான் நடந்தது.

அதற்கு முன்னால் ஹார்வர்டில் லாரன்ஸ் ஹெண்டர்சன் 1908-ல் வெளியிட்ட கட்டுரையை வைக்க வேண்டும். அமிலங்களின் வலிமைக்கும் நடுநிலையைக் காக்கும் அவற்றின் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பே அதன் பொருள். இக்கட்டுரையின் தலைப்பை முதன்முதலில் முறையாகக் கேள்வியாக்கியவர் அவரே என்று சொல்லிவிடலாம். நடுநிலைக்கு அருகே ஒரு கரைசலை நிறுத்திவைக்கப் பிரிகை மாறிலி ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்காக, அதாவது நீரின் நடுநிலை ஹைட்ரஜன் அயனிச் செறிவுக்கு அருகில் உள்ள அமிலங்களே தகுதியானவை என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். கார்பானிக் அமிலமும் பாஸ்பாரிக் அமிலத்தின் இரண்டாம் பிரிகையும் அந்த இடத்தில் அமைந்திருப்பதும், உயிர்களின் உடலில் அவையே நிறைந்திருப்பதும் அவரை ஆழமாகப் பாதித்தன. உயிருக்கு ஏற்றதாகச் சுற்றுச்சூழல் அமைந்திருப்பது பற்றி 1913-ல் அவர் ஒரு நூலே எழுதினார். ஹெண்டர்சனின் கட்டுரைக்கு மறு ஆண்டான 1909-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன், நொதிகளின் வேலை ஹைட்ரஜன் அயனிச் செறிவைப் பொறுத்திருப்பதை அளந்தபோது பிஎச் அளவுகோலை வகுத்தார். கிளைசின், சிட்ரேட், பாஸ்பேட், போரேட் ஆகியவற்றைக் கொண்டு அவர் தயாரித்த நியமக் கரைசல்கள் அந்த அளவுகோலின் நீளம் முழுவதற்கும் படிகளாயின. ஹாசல்பாக் 1916-ல் ஹெண்டர்சனின் சமன்பாட்டை மடக்கை வடிவில் எழுதினார். 1922-ல் வான் சிலைக் தாங்கல் திறனுக்கு அளவீட்டு வரையறை தந்தார். இன்று பிளஸ் டூ மாணவர்கள் படிக்கும் சூத்திரங்களில் பெரும்பான்மை அந்தப் பதினான்கு ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டவை.

இந்த வரலாற்றில் ஒரு முரண் தெளிவாகத் தெரிகிறது. ஹெண்டர்சனும் ஹாசல்பாக்கும் தம் சமன்பாட்டை எழுதியது குருதியை விளங்கிக்கொள்ள. குருதியோ அந்த விதிக்கு அடங்குவதில்லை. உடல் வெப்பநிலையில் பிளாஸ்மாவில் கார்பானிக் அமிலத்தின் பயன்முறை பிகேஏ 6.1, குருதியின் பிஎச் 7.4. வேறுபாடு 1.3. பாடநூல் விதிப்படி இந்த அமிலத்தைக் கழித்துவிட வேண்டும். ஆனால் ஒரு லிட்டரில் பைகார்பனேட் 24 மில்லிமோல், கரைந்த கார்பன் டைஆக்சைடு 1.2 மில்லிமோல் என இருபதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நின்றுகொண்டு, உடலின் முதன்மைத் தாங்கலாக அது பணியாற்றுகிறது. காரணம், நுரையீரல் வழியாக அமிலப் பகுதி வெளியேறவும் சிறுநீரகம் வழியாகக் காரப் பகுதி சீராகவும் பாதை திறந்திருக்கிறது. மூடிய குடுவைக்கு எழுதிய விதி திறந்த அமைப்புக்கு அப்படியே பொருந்துவதில்லை. விதியைத் தந்த எடுத்துக்காட்டே, அமிலத்தின் தகுதியைச் சுற்றியுள்ள அமைப்பு தீர்மானிக்கும் என்பதற்கும் சான்றாகிறது.

மதுரைக்கு வருவோம். 2011-ல் மாநகராட்சியோடு இணைந்த ஆனையூர் உட்பட நகரின் வடமேற்குப் பகுதிகள் நைஸ் பாறைக் குடும்பத்தைச் சேர்ந்த கடினப் பாறை நிலத்தில் அமைந்தவை. பாறையின் ஃபெல்ட்ஸ்பார் சிதையும்போது கால்சியமும் பைகார்பனேட்டும் நிலத்தடி நீரில் கலக்கின்றன. மழை குறைந்து ஆவியாதல் மிகுந்த மண்ணில் சுக்கான் கல் படிவதும் இதனால்தான். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காததும், கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு ஏறுவதும், வைகைத் தண்ணீர் வந்தால் அதைக் குடிக்கவும் சமைக்கவும் தனியே பிடித்துவைப்பதும் இப்பகுதி வீடுகளில் அன்றாடம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கிணற்றின் நீர் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லும் சோதனையின் நடுவே இருப்பது ஒரு தாங்கல் கரைசல்.

சோதனை நாற்பதுகளின் நடுவில் சூரிக்கில் ஷ்வார்ட்சன்பாக் குழுவினர் உருவாக்கியது. நீரில் எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியைச் சேர்த்து, பியூரெட்டிலிருந்து உலோக அயனிகளைப் பிணைக்கும் இடிடிஏ கரைசலைச் சொட்டவிட்டால், கால்சியமும் மக்னீசியமும் முழுக்கப் பிணைந்து முடியும் கணத்தில் ஒயின் சிவப்பு நீலமாக மாறும். ஒவ்வோர் உலோக அயனி பிணையும்போதும் சேர்த்த இடிடிஏ உப்பு இரண்டு புரோட்டான்களை வெளியே விடுகிறது. தடுக்காவிட்டால் பிஎச் இறங்கி, நிற மாற்றம் மங்கி, முடிவுப்புள்ளி ஏமாற்றும். அதனால் பிஎச் 10-ல் நிறுத்த வேண்டும். அதைவிட மிகவும் மேலே போனால் மக்னீசியம் ஹைட்ராக்சைடாக வீழ்படியும். 12-ஐத் தாண்டிச் செய்து கால்சியத்தை மட்டும் அளப்பது இதையே பயன்படுத்தும் வேறொரு முறை. பிஎச் 10 என்றதும் பிகேஏ அட்டவணை காட்டும் முதல் ஆள் பைகார்பனேட், பிகேஏ 10.33. அங்கே அதன் திறன் உச்சத்தில் 87 விழுக்காடு. அம்மோனியம் 9.25-ல் நிற்கிறது, பிஎச் 10-ல் அதன் திறன் உச்சத்தில் 51 விழுக்காடுதான். விதியை மட்டும் நம்பினால் பைகார்பனேட்–கார்பனேட் இணையைத்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் என்ன நடக்கும்? லிட்டருக்கு 2 மில்லிமோல் கால்சியம் உள்ள நீரில் 3 மில்லிமோல் கார்பனேட் இருந்தாலே, கால்சியம் கார்பனேட்டின் கரைதிறன் பெருக்கத்தை அது ஆயிரம் மடங்குக்கு மேல் மீறிவிடும். அளக்க வேண்டிய பொருளே குடுவையின் அடியில் சுண்ணாம்பாகிப் படியும். பாஸ்பேட்டும் கால்சியத்தை வீழ்த்தும். தவிர அதன் 7.20-ம் 12.35-ம் பிஎச் 10-க்கு எட்டாத் தொலைவு.

உலகெங்கும் இந்தச் சோதனைக்கு அம்மோனியமே நிலைபெற்றதற்கு இதுவே காரணம். கல்லூரி ஆய்வகங்களில் 17.5 கிராம் அம்மோனியம் குளோரைடை 142 மில்லி அடர் அம்மோனியாக் கரைசலில் கரைத்து 250 மில்லிக்கு நீர்த்து வைப்பார்கள். அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மோல் அம்மோனியமும் 8.4 மோல் அம்மோனியாவும் இருக்கும். விகிதத்தின் மடக்கையைக் கூட்டினால் பிஎச் 10.06 வரும். கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள நீரில் 50 மில்லி எடுத்து இந்தத் தாங்கலில் 1 மில்லி சேர்த்தால், முழுத் தரம்பார்த்தலில் வெளிவரும் 0.3 மில்லிமோல் புரோட்டானுக்கு எதிரே 8.4 மில்லிமோல் அம்மோனியா காத்திருக்கிறது. பிஎச் 10.06-லிருந்து 9.95 அளவுக்கே இறங்கும். பிகேஏ விலகலால் பாதியாகிப்போன திறனைச் செறிவு எப்படி ஈடுகட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்குத் தேவையில்லை. இவ்வளவு செய்தபின்னும் கார்பனேட் ஆபத்து முழுக்க நீங்குவதில்லை. நீரில் இயல்பாக உள்ள பைகார்பனேட்டே பிஎச் 10-ல் கார்பனேட்டாக மாறத் தொடங்கும். தாங்கலைச் சேர்த்த ஐந்து நிமிடத்துக்குள் சோதனையை முடித்துவிட வேண்டும் என்ற நெறி அதற்காகவே வந்தது. மதுரை நீரில் இந்த நெறியைத் தளர்த்தினால் வரும் விடை உண்மையைவிடக் குறைவாக இருக்கும். கடினமான தண்ணீர் நல்ல தண்ணீராகத் தாளில் பதிவாகும்.

ஆய்வகத்தில் வாலைவடிநீர் இருக்கும்போது கால்சியத்தைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். தாங்கலைத் தயாரிக்கும் நீரில் கால்சியம் இல்லாமல் பார்த்துக்கொள்வது எளிது. அது சேரப்போகும் இடத்தில் இருக்கும் கால்சியத்தை அப்படி அகற்ற முடியாது. அகற்றினால் தீங்கு நேரும் இடங்களும் உண்டு. இதைக் காட்டிய பழைய நிகழ்வு கடின நீரிலிருந்தே வந்தது. 1882-ல் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவைத்தார். பிறகு ஆராய்ந்தபோது, அந்தக் கரைசல் வாலைவடிநீரில் அல்லாமல் குழாய் நீரில் தயாரிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. வாலைவடிநீரில் தயாரித்தபோது இதயம் விரைவில் ஓய்ந்தது. குழாய் நீரின் கால்சியமே அதுவரை துடிப்பைக் காத்திருந்தது என்று 1883-ல் அவர் அறிவித்தார். உயிருள்ள திசுவுக்கான கரைசலில் கால்சியம் கட்டாயம் என்று அன்று முடிவானது. அதோடு கார்பனேட், பாஸ்பேட் தாங்கல்களின் சிக்கலும் தொடங்கியது. முப்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹார்ட்மன் ரிங்கர் கரைசலில் சோடியம் லாக்டேட்டைச் சேர்த்தார். லாக்டிக் அமிலத்தின் பிகேஏ 3.86. பிஎச் 7.4-ல் அது தாங்கல் பணிக்கே உதவாது என்று விதி சொல்லும். ஆனால் லாக்டேட் கால்சியத்தை வீழ்த்தாது. உடலுக்குள் போனபின் கல்லீரல் அதைப் பைகார்பனேட்டாக்கித் தரும். புட்டியில் இருக்க வேண்டிய பொருள் ஒன்று, உடலில் வேலை செய்ய வேண்டிய பொருள் இன்னொன்று என்ற இந்தத் தீர்வு மருத்துவ வேதியியலின் அழகான முடிவுகளில் ஒன்று.

மதுரையின் பெயரை உலகம் அறியும் துறைகளில் ஒன்றான கண்புரை அறுவையில் இதே வழி தொடர்கிறது. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1992-ல் கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளைக் குறைந்த விலையில் செய்வதற்காக ஏற்பட்ட ஆரோலேப் நிறுவனமும் இந்த அறுவையை எளியோர்க்கும் எட்டச் செய்தவை. அறுவையின்போது கண்ணின் முன்னறை வழியாகத் தொடர்ந்து ஒரு கரைசல் ஓட வேண்டும். இந்திய அறுவை அரங்குகளில் ரிங்கர் லாக்டேட் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. கூடுதல் விலையில் கிடைப்பது சமச்சீர் உப்புக் கரைசல். அதன் பொது வாய்பாட்டில் ஒரு லிட்டருக்குக் கால்சியம் குளோரைடு 0.48 கிராம், மக்னீசியம் குளோரைடு 0.3 கிராம், சோடியம் அசிட்டேட் 3.9 கிராம், சோடியம் சிட்ரேட் 1.7 கிராம் இருக்கும். பிஎச் ஏறத்தாழ 7.5. அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ அங்கிருந்து 2.74 அலகு கீழே. அதன் திறன் உச்சத்தில் 1 விழுக்காடுகூட இல்லை. சிட்ரிக் அமிலத்தின் மூன்றாம் பிகேஏ 6.40; உச்சத்தில் 27 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் அமிலத்தைத்தான் ஒரு பிஎச் அலகுக்குள் தாங்கும். லிட்டருக்கு 10 மில்லிமோல் பாஸ்பேட் இருந்தால் ஏறத்தாழ ஐந்து மடங்கு தாங்கும். அப்படியிருந்தும் பாஸ்பேட்டை ஒதுக்கியது சரியே. கால்சியம் இல்லாத கரைசல் கருவிழியின் உட்புறச் செல்களுக்கிடையே உள்ள இணைப்புகளைத் தளர்த்திவிடும். கால்சியம் இருக்குமிடத்தில் பாஸ்பேட் நிறைய இருந்தால் படிவு உண்டாகும். சிட்ரேட் கால்சியத்தோடு மென்மையாகப் பிணைந்து அதைக் கரைசலிலேயே நிறுத்துகிறது. பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் கொண்ட மேம்பட்ட வகைகள் உண்டு. அவை இரண்டு புட்டிகளாக வந்து, அறுவைக்குச் சற்று முன்புதான் கலக்கப்படுகின்றன. நெருங்கிய பிகேஏவைப் பெறுவதற்கான விலை அது.

தாங்கும் திறன் குறைவாக இருப்பது குறைதானே என்று இங்கே ஒரு மறுப்பு எழும். தாங்கல் பற்றிய எல்லாப் பாடங்களும் திறனை நன்மையாகவே பேசுவதால் இந்த மறுப்பு இயல்பானது. அறுவையில் கரைசல் ஓடிக்கொண்டே இருப்பதால் பழைய துளி நிற்பதில்லை. அதற்குப் பெரிய திறன் தேவையில்லை. கண்சொட்டு மருந்தில் திறன் குறைவாக இருப்பதே நன்மை. கண் அழுத்த நோய்க்கான பைலோகார்ப்பைன் பிஎச் 4 முதல் 5 வரையில்தான் புட்டியில் கெடாமல் நிலைக்கும். கண்ணீரின் பிஎச்சோ 7.4-ஐ ஒட்டியது. வலுவான தாங்கலில் அந்த மருந்தைக் கரைத்தால் துளி கண்ணில் விழுந்தபின்னும் அமிலமாகவே நின்று எரிச்சலூட்டும், கண்ணீர் பெருகி மருந்தை அடித்துப்போகும். நலிந்த தாங்கலாக இருந்தால் கண்ணீரின் பைகார்பனேட் சற்று நேரத்தில் துளியைத் தன் பிஎச்சுக்குக் கொண்டுவந்துவிடும். பிஎச் 5-ல் போரிக் அமிலத்துக்குத் தாங்கும் திறன் ஏறத்தாழ இல்லை. அத்தகைய மருந்துகளில் அது இடம்பெற்றதை இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் புரியும். பாஸ்பேட் சேர்ந்த கண்சொட்டுகளைப் பற்றி 2012-ல் ஐரோப்பிய மருந்து முகமை ஆராய்ந்தது. நன்மையே மிகுதி என்று முடிவுசெய்தாலும், கருவிழி கடுமையாகச் சிதைந்த நோயாளிகளில் மிக அரிதாகக் கால்சியம் படிந்து வெண்புள்ளிகள் தோன்றியதை மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொன்னது. பாதிக்கப்பட்ட கண்ணுக்கு வேறு அமிலம் இருக்கும்போது பாஸ்பேட்டை நாட வேண்டியதில்லை என்பதற்கு இந்தக் குறிப்பே போதும்.

சிறுநீரகச் சுத்திகரிப்பின் வரலாறு இதே வழியில் போய்த் திரும்பியது. குருதிக்கு வேண்டியது பைகார்பனேட். ஆனால் கால்சியமும் மக்னீசியமும் உள்ள அடர் கரைசலில் பைகார்பனேட்டைச் சேர்த்து வைத்தால் வீழ்படிவு உண்டாகும். 1964-ல் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் குழுவினர் அதற்குப் பதிலாக அசிட்டேட்டைப் பயன்படுத்தினார்கள். ஒரே கொள்கலனில் எல்லாம் கரைந்து நின்றதால் சிகிச்சை பரவலாயிற்று. அசிட்டேட்டை உடல் போதிய விரைவில் மாற்ற முடியாத நோயாளிகளுக்கு இரத்த அழுத்தம் இறங்குவது போன்ற தொல்லைகள் வந்ததால், எண்பதுகளில் பைகார்பனேட் மீண்டது. அமிலப் பகுதி ஒரு கேனிலும் பைகார்பனேட் இன்னொன்றிலுமாக வைத்து, இயந்திரம் இறுதி நேரத்தில் கலக்கும் இன்றைய முறை மதுரை உட்பட எல்லா ஊர்களின் டயாலிசிஸ் பிரிவுகளிலும் நடக்கிறது. அமிலக் கேனில் சேரும் சிறிதளவு அசிட்டிக் அல்லது சிட்ரிக் அமிலம், கலந்த பின்பும் பிஎச்சை மிதமாக வைத்துக் கால்சியம் கார்பனேட் படியாமல் தடுக்கிறது.

அமிலத்தை மாற்றவே முடியாத தொழிலும் உண்டு. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்கச் சலவைச் சோடாவின் காரத்தன்மை, ஏறத்தாழ பிஎச் 11, வேண்டும். கடின நீரில் சோடாவைப் போட்டால் சுண்ணாம்பு துணியில் படிந்து நிறம் திட்டுத்திட்டாகும். சாயப்பட்டறைகள் நீரை மென்மையாக்கியோ, கால்சியத்தைக் கட்டிவைக்கும் பாலிபாஸ்பேட்டைச் சேர்த்தோ வேலை செய்வது அதனால்தான். புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடிக்கும் இந்த வேதியியல் பொருந்தும். கார்பனேட் இருக்க வேண்டுமென்றால் கால்சியம் போக வேண்டும். முதற்கேள்வி இங்கும் முதலில்தான் வருகிறது, விடை மட்டும் மாறுகிறது.

வலுவான மறுப்பு இன்னொன்று: நார்மன் குட் 1966-ல் மிச்சிகனிலிருந்து வெளியிட்ட பன்னிரண்டு தாங்கல் பொருள்கள் இந்தச் சிக்கல்களையெல்லாம் தீர்த்துவிட்டனவே என்பது. குட் தாவர உயிர்வேதியியலர். பாஸ்பேட் உலோக அயனிகளை வீழ்த்துவதும் டிரிஸ் என்னும் தாங்கல் பொருள் உயிர்வினைகளில் தலையிடுவதும் அவரை இந்த வேலைக்குத் தள்ளின. பிகேஏ 6-க்கும் 8-க்கும் இடையில் இருத்தல், நீரில் நன்கு கரைதல், உயிர்ச்சவ்வுகளை ஊடுருவாமை, உலோகங்களோடு குறைவாகப் பிணைதல், நிலைத்தன்மை, ஒளியை உறிஞ்சாமை என அவர் வகுத்த அளவுகோல்களைப் பார்த்தால் பிகேஏ அவற்றில் ஒன்று மட்டுமே. ஆகவே குட்டின் பட்டியல் இக்கட்டுரையின் வாதத்துக்கு எதிரான சான்று ஆகாது, ஆதரவாகவே நிற்கிறது: விலக்க வேண்டியவற்றை விலக்கிய பிறகுதான் அவர் நெருங்கியதைத் தேடினார். அந்தப் பொருள்களும் குறையற்றவை அல்ல. கருவிழி சேமிப்பு ஊடகங்களில் இடம்பெறும் ஹெப்பீஸ், ரைபோஃபிளேவின் கலந்த ஊடகத்தில் வெளிச்சம் பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். விலையும் அசிட்டேட்டோடு ஒப்பிட முடியாது. குட்டின் பட்டியலுக்கு முன்பே பிரபலமான டிரிஸ்ஸின் பிகேஏ, வெப்பநிலை 1 பாகை ஏறினால் 0.028 இறங்கும். 25 பாகையில் பிஎச் 8.0-ஆக அமைத்த கரைசல், மின்விசிறி மட்டும் ஓடும் மதுரை ஆய்வகத்தில் மே மாதப் பகல் 38 பாகையில் 7.64 காட்டும். அசிட்டேட்டுக்கு இந்த நகர்வு ஏறத்தாழ இல்லை. பாஸ்பேட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு. அம்மோனியமும் டிரிஸ்ஸைப் போலவே நகரும், மேலும் வெப்பத்தில் அம்மோனியா ஆவியாகிப் போகும். கடினத்தன்மைச் சோதனைக்கான புட்டியை இறுக மூடிவைத்து மாதத்துக்கு ஒருமுறை புதிதாகத் தயாரிக்க வேண்டும் என்பதும், அதில் 1 அல்லது 2 மில்லி சேர்த்தும் நீர் பிஎச் 10-ஐ எட்டாவிட்டால் கொட்டிவிட வேண்டும் என்பதும் இதனால் வந்த விதிகள். நெடி தாங்காதவர்களுக்கு எத்தனோலமைன் (பிகேஏ 9.50) ஒப்புக்கொள்ளப்பட்ட மாற்று.

இன்று பிகேஏ, வெப்பநிலைக் குணகம், அயனிச் செறிவுத் திருத்தம் ஆகியவற்றைக் கணினி நிரல்கள் நொடியில் கணக்கிட்டுத் தாங்கல் வாய்பாட்டையே எழுதித் தருகின்றன. கரைசலில் கால்சியம் இருக்கிறதா என்று அவற்றில் பெரும்பாலானவை கேட்பதில்லை.